வீடியோவில் அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்?

டிமென்ஷியா என்று வைத்தியர்கள் சொல்லும் மறதிநோய் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும்போது கைபேசி வீடியோ எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரிவிடும் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது 79 வயது. பிறந்தது யாழ்ப்பாணத் தீவுப்பகுதி வேலணையில், வாழ்க்கைப்பட்டது கொக்குவிலில். நான் கடைக்குட்டி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் சிறிய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். அக்கா கனடாவில், அண்ணா லண்டனில். கலியாணம் கட்டாதவன் என்பதால் அம்மாவைப் பார்க்கும் பொறுப்பு யாரும் கேட்காமலே என் தலையில் வந்து இறங்கியது. அதில் எனக்குக் குறையே இல்லை என்று எழுதினால் அது பொய். குறை இருந்தது. கொஞ்சம் இப்போதும் இருக்கிறது.

தொடக்கத்தில் என்னை அதிகம் வாட்டியது நோய்கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்புத்தான். மணி அடித்ததும் அம்மா நிமிர்ந்து உட்காருவார். சேலைத் தலைப்பைச் சரிசெய்வார், தலைமயிரைக் கையால் கோதிவிடுவார். "சாப்பிட்டாயா, பிள்ளைகள் படிக்கிறார்களா, அங்கே குளிரா?" என்று மூன்று கேள்வியும் தவறாமல் வரும். அக்காவுக்கு அது போதும். "வீடியோவில் அம்மா நன்றாகத்தானே இருக்கிறார், நீ ஏன் எங்களைப் பயப்படுத்துகிறாய்?" என்பார். அழைப்பு முடிந்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, "யார் அந்தப் பிள்ளை? நல்ல குணம்" என்பார். அதைக் கேட்க அக்கா அங்கே இருக்கமாட்டார். அண்ணா இன்னும் ஒரு படி மேலே போய், காணியை எழுதி வாங்குவதற்காக நான் அம்மாவை நோயாளி ஆக்குகிறேன் என்று உறவுக்காரர் ஒருவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கிழமை நான் யாருடனும் பேசவில்லை.

இந்த நோயில் அப்படி நடப்பது வழமைதான் என்று பிற்பாடு அறிந்தேன். நலம் விசாரிப்பது வாழ்நாள் முழுவதும் பழகிய பேச்சு, அதற்குப் புதிய ஞாபகம் எதுவும் தேவையில்லை. வெளியாள் ஒருவர் முன்னால் வந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் தன்னை ஒருங்கு சேர்த்துக்கொள்ளும் வலு நோயாளிக்கு நெடுங்காலம் இருக்கும். அதற்குப் பிறகு வரும் களைப்பையும் குழப்பத்தையும் வீட்டில் இருப்பவர்தான் பார்ப்பார். வைத்தியரின் அறையிலும் இதேதான் நடக்கும். அம்மா அங்கே கதிரையில் நேராக இருந்து, "எனக்கு ஒன்றும் இல்லை டொக்டர், இவன்தான் வீணாகப் பயப்படுகிறான்" என்று சிரிப்பார். வைத்தியரும் சிரிப்பார். நான் மட்டும் பைத்தியக்காரன் மாதிரி நிற்பேன். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: வாரத்துக்கு ஒரு முறை நீங்கள் திரையில் காணும் அம்மா, அந்த வாரத்திலேயே மிக நல்ல பதினைந்து நிமிடத்து அம்மா. மிச்ச நேரத்தைப் பற்றி வீட்டில் இருப்பவர் சொல்வதை நம்புங்கள்.

அம்மாவின் பொல்லாத நேரம் பின்னேரம் ஐந்தரை மணிக்குத் தொடங்கும். படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வேலணைக்குப் போகவேண்டும், ஐயா தேடுவார்" என்று அழுவார். அவருடைய ஐயா இறந்து நாற்பது வருடத்துக்கு மேல். சில நாள் விறாந்தை மூலையில் சின்னப் பிள்ளைகள் நிற்பதாகச் சொல்லி, அவர்களுக்குச் சாப்பாடு போடும்படி என்னை ஏவுவார். கடையை மூன்று மணிக்கே பூட்டத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கொப்பி வாங்க வரும் நேரம் அது. ஒரு கல்வியாண்டுத் தொடக்கத்தில் மட்டும் ஏறத்தாழ நான்கு இலட்சம் ரூபாய் விற்பனை கைவிட்டுப் போனது. ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் 3,000 ரூபாய் கட்டிக் காட்டினேன். அம்மா வழக்கம்போலச் சிரித்துப் பேசினார், நான் வாயால் விளக்கினேன். மனதை அமைதிப்படுத்த என்று ஒரு குளிசை எழுதித் தந்தார்கள். சில நாட்களில் அழுகை நின்றது. ஆனால் அம்மாவின் உடல் விறைத்துப்போனது. அடியெடுத்து வைக்கக் கால் தரையோடு தேய்ந்தது, வாயால் எச்சில் வடிந்தது, பகல் முழுவதும் தூக்கம். திரும்பப் போய்க் கேட்டபோது நோய் முற்றுகிறது என்றார்கள்.

பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். "தம்பி, டொக்டருக்கு வாயால் சொல்லாதே, எடுத்துக் காட்டு" என்றார். அம்மாவைப் படம் பிடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தலை வாராமல் ஒரு புகைப்படத்துக்குக்கூட நிற்காதவர் அவர். ஆனாலும் எடுத்தேன். விறைத்த நடை, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் கை, பின்னேர அழுகை, மூலையைப் பார்த்துப் பேசும் பேச்சு எல்லாவற்றையும் துண்டு துண்டாக எடுத்தேன். கைபேசியில் இன்னொரு வீடியோவும் தற்செயலாகக் கிடந்தது. குளிசை தொடங்குவதற்கு முன் வந்த நல்லூர்த் திருவிழாவில், மேற்கு வீதி மணலில் அம்மா என் கையைக்கூடப் பிடிக்காமல் நடந்து வருகிறார். இரண்டையும் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். அந்த வைத்தியர் இரண்டாவது வீடியோ முடியும் முன்பே குளிசை அட்டையைத் தாருங்கள் என்று கையை நீட்டினார்.

பிறகு அவர் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "மறதி தொடங்குவதற்கு முந்திய வருடங்களில் அம்மா தூக்கத்தில் கத்துவாரா, கை கால் அடிப்பாரா?" ஆம், அடிப்பார். ஒரு முறை அப்பாவின் பல்லே ஆடியது. எங்கள் வீட்டில் அதற்கு இருந்த ஒரே விளக்கம் போர்க்காலச் செல்லடி. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமமே எழும்பி நடந்த இரவில் நாவற்குழிப் பாலம் தாண்டியவர், கனவில் கத்துவதில் என்ன புதுமை என்று இருந்துவிட்டோம். கனவு காணும்போது உடல் அசையாமல் இருக்க மூளை போடும் பூட்டு, சிலருக்கு இந்த நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே கழன்றுவிடும் என்று வைத்தியர் விளக்கினார். இல்லாத பிள்ளைகள் தெரிவது, ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழம்பியும் இருப்பது, விறைப்பு, தூக்கத்தில் கை கால் அடிப்பது எல்லாம் சேர்ந்தால் லூயி பொடி என்ற வகை மறதிநோயைச் சந்தேகிப்பார்களாம். ஃபிரெட்ரிக் லூயி என்பவர் 1912இல் விவரித்த புரதப் படிவுகள் மூளைக் கலங்களில் சேர்வதால் வருவது. இந்த வகை நோயாளிகளுக்கு மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் பெரும் தீங்கு செய்யக்கூடும். அம்மாவுக்குக் கிடைத்ததும் அந்த வகைக் குளிசைதான். வைத்தியர் சொன்னபடி அதை விட்டோம், சில கிழமைகளில் விறைப்புத் தளர்ந்தது. நோய் தளரவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வீடியோவை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். எங்கள் ஊரில் வயதானவர் இரவில் கத்தினால் அதைப் போரின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அதையும் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.

வைத்தியருக்கு எடுக்கும் வீடியோ ஒன்று இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கிளினிக்கில் உங்களுக்குப் பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். தொடக்கத்தில் திகதியையும் நேரத்தையும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, சாப்பிட்டாரா, மலம் போனதா, எந்த மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் என்பவற்றை ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள். கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினால் பயப்படுவார்கள். அலுமாரித் தட்டில் சாத்தி வைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் போய் இருங்கள். நடையை எடுக்கும்போது பாதம் தெரியவேண்டும், திரும்பும் இடம் கட்டாயம் வரவேண்டும். நல்ல நேரத்தையும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள், ஒப்பிட அதுதான் உதவியது. ஒரே நாளில் திடீரென்று குழப்பம் ஏறினால் வீடியோவை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள், அடுத்த கிளினிக் திகதிவரை வைத்திருக்கவேண்டாம். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல் போன்ற குணப்படுத்தக்கூடிய காரணங்கள் அதற்குப் பின்னால் இருக்கக்கூடும். தைரொயிட் குறைவும் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் மறதிபோலத் தோன்றலாம் என்பதால் முதலிலேயே இரத்தம் சோதிப்பார்கள்.

படலையடி அழுகையின் வீடியோவை அக்காவுக்கும் அண்ணாவுக்கும் அனுப்பினேன். அக்கா இரண்டு நாள் பதில் எழுதவில்லை. பிறகு எடுத்து, பேசாமல் அழுதார். அண்ணா, "இதையெல்லாம் ஏன் படம் எடுக்கிறாய்?" என்று சீறினார். ஆனால் அதற்குப் பிறகு காணிக் கதை வரவில்லை. இதனால் வந்த தலையிடியையும் சொல்லவேண்டும். அனுப்பிய துண்டுகளில் ஒன்று, மூலையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அம்மா சாப்பாடு போடச் சொல்வது, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து ஒரு பெறாமகன் சிரிப்புப் படம் ஒட்டி வேறு எங்கோ போட்டுவிட்டான். சந்தையில் ஒருவர் என்னிடம் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்களா என்று கேட்டார். என் வாழ்நாளில் ஒரு மனிதரை அடிக்கக் கை ஓங்கியது அன்றுதான். அதற்குப் பிறகு குழுவுக்கு எதையும் அனுப்புவதில்லை. பார்க்கவேண்டியவருக்குத் தனியே, ஒரு முறை மட்டும் பார்க்கக்கூடிய முறையில் அனுப்புகிறேன். உடை மாற்றுவது, குளிப்பது, மலசலகூடம் எதுவும் எடுப்பதில்லை. நோயின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் இப்போதே அவரிடம் கேளுங்கள், எதை எடுக்கலாம், யாருக்குக் காட்டலாம் என்று. அம்மாவிடம் கேட்கும் காலம் எனக்குத் தாண்டிவிட்டது.

அக்காவுக்கு மனம் மாறியதும் வந்த முதல் யோசனை பழைய கலியாண வீடியோ. பழசைப் பார்த்தால் அம்மாவுக்கு எல்லாம் திரும்பும் என்று அவர் நம்பினார். 1994இல் ரொறொன்ரோவில் நடந்த தன் கலியாணக் கசெட்டை ஒருவர் மூலம் கொடுத்தனுப்பினார். இங்கே எங்களிடம் இருந்த சாமத்திய வீட்டுக் கசெட்டுகளையும் சேர்த்து யாழ் நகரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கசெட் ஒன்றுக்கு 2,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. கனடாக் கசெட் கறுப்பு வெள்ளையாக உருண்டு உருண்டு வந்தது. பழுதாகிவிட்டது என்றார்கள், பணம் திரும்பவில்லை. உண்மையில் கசெட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்தக் காலத்துக் கசெட்டுகளை வட அமெரிக்காவில் பதிந்தது என்டிஎஸ்சி (NTSC) முறையில், இலங்கையில் பால் (PAL) முறையில். இரண்டையும் வாசிக்கும் டெக் இல்லாத இடத்தில் கொடுத்தால் இப்படித்தான். எங்கள் கசெட் ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது, அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டி நாடாவை அறுத்துவிட்டார்கள். வெளிநாட்டுக் கசெட்டை அந்த நாட்டிலேயே மாற்றி எடுத்து இணையத்தால் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கொடுப்பதாக இருந்தால் முதலில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் கண்முன்னே பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எப்படியோ கலியாண வீடியோ கடைசியில் வந்து சேர்ந்தது. அம்மா பார்த்தார். அப்பா சால்வை போட்டுக்கொண்டு சிரிக்கும் இடத்தில், "இவர் எங்கே? ஏன் இன்னும் வரவில்லை?" என்று எழும்பினார். அப்பா இறந்து பல வருடம். அன்று இரவு முழுவதும் படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் வீடியோ பார்த்ததே ஞாபகம் இல்லை, ஆனால் ஏனென்று தெரியாத துக்கம் முகத்தில் இருந்தது. 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான துண்டுகளையும் காட்டினார்கள். படம் மறந்த பிறகும் அந்த உணர்ச்சி தங்கியது. படத்தைப் பற்றி எவ்வளவு குறைவாக ஞாபகம் இருந்ததோ அவ்வளவு நேரம் சோகம் நீடித்தது. அம்மாவின் நோய் வேறு வகை என்றாலும் இதை வாசித்தபோது அந்த இரவு எனக்கு விளங்கியது. மறந்துவிடுவார்தானே என்று எதையும் காட்டலாம் என நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். இப்போது எந்தப் பழைய வீடியோவையும் நான் முதலில் முழுக்கப் பார்த்து, இறந்தவர்கள் வரும் இடத்தை வெட்டிவிட்டுத்தான் போடுகிறேன். சில குடும்பங்களில் இறந்தவரைப் பார்ப்பதே ஆறுதலாக இருக்கலாம். உங்கள் ஆள் எப்படி என்று சிறிய துண்டு ஒன்றில் பாருங்கள்.

தொலைக்காட்சி வேறு ஒரு கூத்து. செய்தி வாசிப்பவர் வீட்டுக்குள் இருக்கும் ஆண்பிள்ளை என்று நினைத்து, அவர் முன்னால் உடை மாற்றமாட்டேன் என்று அம்மா மறுப்பார். ஒரு நாள் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் திரைக்கு முன்னால் வைத்திருந்தார். இதுவும் நோயின் ஓர் அறிகுறி என்றும், லூயி பொடி வகையில் கண்ணால் காண்பதை மூளை பிழையாக எடுத்துக்கொள்வது அதிகம் என்றும் சொன்னார்கள். வாதாடிப் பயன் இல்லை. "அவர் போகப் போகிறார்" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். நிறுத்திய கறுப்புத் திரையில் இரவு தன் உருவம் தெரிந்தால் அதற்கும் பயம், ஆகவே ஒரு துணி போட்டு மூடுகிறேன். யூடியூப்பில் பக்திப் பாடல் போட்டுவிட்டுக் குசினிக்குப் போன ஒரு நேரம், பாட்டு முடிந்து தானாகவே அடுத்ததாக 2009 போர்க்காட்சி ஒன்று ஓடியிருக்கிறது. "பங்கருக்குள் இறங்கு" என்று அம்மா கட்டிலுக்குக் கீழே போக முயன்று முழங்கை உரசிவிட்டது. தானாக ஓடும் வசதியை அன்றே நிறுத்தினேன். அதுமட்டும் போதாது, விளம்பரம் பெரிய சத்தத்தில் குறுக்கே வரும். இப்போது தேவையானதை நினைவட்டையில் ஏற்றி, இணையத்தைத் துண்டித்த கைபேசியில்தான் போடுகிறேன். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்கூட மின்சாரம் வெட்டப்பட்டதைக் கண்ட நமக்கு அப்படி வைத்திருப்பது எப்படியும் நல்லது.

அம்மாவுக்குப் பிடித்தது எதுவென்று கண்டது ஒரு விபத்து. பின்னேர அழுகை தாங்காமல், மோட்டார் சைக்கிளின் முன்னால் கைபேசியைக் கட்டி, பண்ணைப் பாலத்தில் தொடங்கி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி தாண்டி வேலணை வங்களாவடிச் சந்திவரை மெதுவாக ஓடி எடுத்தேன். வெட்டு இல்லை, இசை இல்லை, பேச்சு இல்லை. காற்றின் இரைச்சலை மட்டும் நிறுத்திவிட்டேன். ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போட்டுவிடுவேன். இரண்டு பக்கமும் கடல் வரும் இடத்தில் அம்மா சாய்ந்து இருப்பார், "களங்கண்ணி போட்டிருக்கிறார்கள்" என்று மீன் பிடிக்கக் கடலில் கட்டியிருக்கும் வலையைக் காட்டுவார். பனங்கூடல் வந்ததும் பேச்சு ஐயாவைப் பற்றித் திரும்பும், அழுகை இல்லாமல். எல்லா நாளும் வேலை செய்கிறது என்று சொல்லமாட்டேன். சில நாள் இறங்கவேண்டும் என்று எழும்பிவிடுவார், அப்போது நிறுத்திவிட்டு வளவைச் சுற்றி நடப்போம். இன்னொன்று தையல். கலியாணத்துக்கு முன்பிருந்தே அம்மா சட்டை தைத்தவர். பக்கத்து வீட்டில் கால்மிதித் தையல் இயந்திரத்தில் ஒருவர் இரவிக்கை தைப்பதை, கையும் துணியும் மட்டும் தெரியும்படி எடுத்தேன். முகம் இல்லாததால் யார் என்ற குழப்பமும் இல்லை. அம்மாவின் கால் தரையில் தானாக மிதிக்கும். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் பலருக்குக் கடைசிவரை தங்கும் என்கிறார்கள். ஆகவே பிள்ளைகளின் கலியாணத்தைவிட அவர்களின் இளமைக்குப் போய்த் தேடுங்கள்.

அக்காவும் அண்ணாவும் பேசிப் பதிந்து அனுப்பும் வீடியோக்களும் உண்டு. வீட்டாரின் குரலைப் பதிந்து போட்டு நோயாளியை அமைதிப்படுத்தும் முறையை வெளிநாடுகளில் 1990களிலேயே தொடங்கிவிட்டார்கள். அதைச் சோதித்த ஆய்வுகள் சிலவே, முடிவுகளும் ஒருமித்து இல்லை. எனக்கு அனுபவத்தில் தெரிந்தது, யார் பேசுகிறார்கள் என்பதைவிட எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணா முதலில் அனுப்பியதில் பாதியில் உடைந்து அழுதுவிட்டார், அம்மாவும் அன்று பின்னேரம் முழுவதும் அழுதார். அடுத்ததில் நான் எழுதிக் கொடுத்தபடி பேசினார்: "அம்மா, நான் உங்கள் மூத்த மகன். நீங்கள் அவிக்கிற ஒடியல் பிட்டு எனக்கு எப்போதும் பிடிக்கும்." பிறகு சற்று இடைவெளி. அம்மா அந்த இடைவெளியில் பதில் சொல்வார். கேள்வி ஒன்றும் இல்லை, தோற்றுப்போக அதில் இடமில்லை. இரண்டு மூன்று நிமிடம், வெளிச்சம் முகத்தில், பின்னால் வெறும் சுவர். வேலைக்குப் போகும் வழியில் காருக்குள் இருந்து எடுத்து அனுப்பினால் அம்மாவுக்குக் கார்தான் தெரியும்.

நேரடி அழைப்பில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். திரையில் வந்ததும், "நான் யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்!" சித்தப்பா தொடக்கம் நான்காம் வகுப்புப் பேரப்பிள்ளைவரை எல்லோரும் பரீட்சை வைப்பார்கள். அம்மா விழிப்பார், பிறகு சிரித்துச் சமாளிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். பெயரையும் உறவையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். கைபேசியைத் தூக்கிக்கொண்டு வீடு காட்ட நடக்காதீர்கள், தலை சுற்றும். பெரிய தொலைக்காட்சியில் இணைத்தால் நன்றாகத் தெரியும் என்று அண்ணா அதற்கு ஒரு கருவி வாங்கி அனுப்பினார், 12,000 ரூபாய் சுங்கமும் கட்டினேன். சுவரளவு முகத்தைக் கண்டு அம்மா பயந்துபோனார். கருவி அலுமாரிக்குள் இருக்கிறது. கண்ணுக்கு நேரே கைபேசியை நிறுத்த 900 ரூபாய்த் தாங்கியும், காதோரம் வைக்க ஒரு சின்ன ஒலிபெருக்கியும் வாங்கினேன். அவைதான் ஒவ்வொரு நாளும் உதவுகின்றன.

பராமரிக்க வந்த பெண்மணி மகளின் பிரசவத்துக்காகத் திடீரென்று கிளிநொச்சிக்குப் போய்விட்டபோது வீடியோவின் இன்னொரு பயன் தெரிந்தது. மாதம் 60,000 ரூபாயும் சாப்பாடும் கொடுத்து வந்த ஒருவர், அம்மாவுக்கு எப்படிச் செய்யவேண்டும் என்ற அறிவு முழுவதையும் தன்னோடு கொண்டு போய்விட்டார். புதிதாக வந்தவர் கையைப் பிடித்து இழுத்தார், அம்மா அடித்தார், மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார். பழையவர் திரும்பி வந்ததும் அவர் செய்வதை ஒவ்வொன்றாக எடுத்தேன்: கட்டிலில் இருந்து எழுப்புவது, பல் தீட்டுவது, மருந்து கொடுப்பது. குளிப்பாட்டுவதை மட்டும் என்னையே கதிரையில் இருத்தி, உடுப்போடு, துவாய் எங்கே போர்த்துவது, தண்ணீரை எங்கிருந்து தொடங்குவது என்று நடித்துக் காட்டச் சொல்லி எடுத்தோம். டீப்பா ஸ்னோ என்ற அமெரிக்கப் பராமரிப்புப் பயிற்றுநரின் வீடியோக்களில், நோயாளியின் கைக்குக் கீழே நம் கையைக் கொடுத்து இருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் முறை இருக்கிறது. ஆங்கிலம் விளங்காவிட்டாலும் கையைப் பார்த்தே பழகலாம். பழையவர் அதைப் பார்த்துவிட்டு, "இது நான் பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பழக்கியதுதானே" என்றார். கொழும்பில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பாளர்களுக்கென்று ஐசப்போர்ட் என்ற பயிற்சியை வெளியிட்டிருக்கிறது. அவற்றைத் தேடும் வழியில் மறதியை மாற்றும் மூலிகை என்று ஒரு வீடியோ வரும், பின்னால் ஒரு தொலைபேசி இலக்கம் வரும். நான் 18,500 ரூபாய் கொடுத்தேன். வல்லாரைச் சம்பலைச் சோற்றோடு சாப்பிடுங்கள், நல்லது. அதைப் போத்தலில் அடைத்து விற்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

இரவு ஒன்பதரைக்கு, மறதிநோய் உள்ளவர்களைப் பார்க்கும் சிலர் வீடியோவில் கூடிப் பேசுகிறோம். பாதிப் பேர் முகத்தைக் காட்டுவதில்லை, நானும் சில நாள் காட்டுவதில்லை. அங்கே ஒருவர் சொல்லித்தான் அக்காவிடம் பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கேட்டேன். காலை ஆறரை அம்மாவுக்கு மிகத் தெளிவான நேரம். அந்த நேரத்தில் அக்கா தாங்கியில் வந்து இருப்பார். பேசவேண்டும் என்று கட்டாயம் இல்லை, தன் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டு இருப்பார், அம்மா பார்த்துக்கொண்டு இருப்பார். பராமரிக்கும் பெண்மணி அதற்குள் இடியப்பம் அவித்துவிடுவார், நான் கடைக்குப் புறப்பட்டுவிடுவேன். அம்மா எழும்பப் பார்த்தால் அக்கா அங்கிருந்து கூப்பிடுவார். இரவுக் காவலுக்கு ஒருவரை வைக்கும் செலவை இருவரும் பங்கிட்டு அனுப்புகிறார்கள், அண்ணாவின் பங்கு இன்னும் பிந்தித்தான் வருகிறது. அம்மாவின் மணிக்கூட்டை நாங்கள் மாற்றுவதில்லை. கோடையில் அக்கா தன் இரவு ஒன்பதுக்கு வருவார், நவம்பரில் அங்கே நேரம் மாறியதும் எட்டுக்கு வரவேண்டும். அதற்காக வேலைத்தலத்தில் மாலை முறையை மாற்றித் தரும்படி இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்.